ஏரியோரம் வீடு: மே மட்டமும் டிசம்பர் மட்டமும்

சென்னையில் 'லேக் வியூ' என்று சொல்லி விற்கும் வீடுகள் மூன்று வகை. தாழம்பூர், பெரும்பாக்கம், போரூர் போன்ற இடங்களில் பழைய ஏரியின் ஓரமாக எழும்பும் அப்பார்ட்மென்ட் ஒன்று. மதிலுக்குள்ளேயே பில்டர் வெட்டி, ஷீட் விரித்து, நீர் நிரப்பிய செயற்கை ஏரியோடு வரும் கேட்டட் கம்யூனிட்டி இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) முட்டுக்காடு, கோவளம் பக்கம் கழிமுகத்தைப் பார்த்த வில்லா மூன்றாவது. விளம்பரப் படத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ததும்பி நிற்கும் நீர், ஒரு படகு, சாயங்கால வெளிச்சம். குடியேறிய பிறகு மூன்றும் வேறு வேறு வாழ்க்கை. யாருக்கு எது பொருந்தும், எதில் எது உடையும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

அதற்கு முன் நம்மூர் மழையின் கணக்கு. சென்னைக்கு ஆண்டுச் சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் அளவில். அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆகவே இங்கே எந்த நீர்நிலையும் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்காது. டிசம்பரில் ஏறும், மே மாதம் இறங்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்றரை ஆண்டுதான் இடைவெளி. எந்த வீட்டைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: மே கடைசியில் நீர் எங்கே நிற்கும், டிசம்பர் முதல் வாரத்தில் எங்கே நிற்கும், அந்த நீர் யாருடையது?

பழைய ஏரியின் ஓரம்

மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில் தெளிவு. ஏரியின் தரை, கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல் எல்லாம் அரசுடையது. நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கலாம், உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கலாம். அப்பார்ட்மென்ட் அசோசியேஷனுக்கு அதில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. உங்கள் மதிலிலிருந்து ஏரிக்குள் மரத்தளம் இறக்கித் தருவதாக விற்பனையாளர் சொன்னால், பின்னாளில் இடிக்கப்படப்போகும் ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போகும்; குத்தகைதாரர் இருக்கும் ஏரியில் தூண்டில் போட்டால் சண்டைதான். சொந்தப் படகும் விட முடியாது.

மிஞ்சுவது நடை, காற்று, பறவை. இவற்றைக் குறைவாக மதிக்க வேண்டாம். பாதை போட்ட ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பது எந்த கிளப் ஹவுஸிலும் கிடைக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, பாம்புத்தாரா, கூழைக்கடா என்று வரிசையாக வரும். சிட்லபாக்கம் ஏரி குடியிருப்போர் ஆண்டுக்கணக்காக விடாமல் கேட்டதால் திருந்தியது. அந்தக் கரையில் வீடு வாங்குவது ஒரு நல்ல பொதுச்சொத்தின் பக்கத்தில் குடியிருப்பது போல. செலவு இல்லை, பராமரிப்புச் சந்தா இல்லை.

ஆனால் ஏரியின் எந்தப் பக்கத்தில் வீடு என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். நம் ஏரிகள் பிறை வடிவம். பள்ளமான பக்கம் கரை. எதிர்ப்பக்கம் கரை இல்லாமல் சரிந்து ஏறும் நீர்ப்பிடிப்பு. நீர்ப்பிடிப்புப் பக்கம் வீடு என்றால், ஏரி நிறைய நிறைய நீர் சத்தமில்லாமல் வாசலுக்கு வரும். கோடையில் அந்த இடம் வெறும் புல்வெளியாகத் தெரிவதால்தான் மனை போட்டு விற்க முடிகிறது. கரைக்குக் கீழே, ஏரி நீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு வயல் நிலத்தில் வீடு என்றால், கரை நன்றாக இருக்கும்வரை பிழைத்தோம். கலங்கலிலிருந்து வெளியேறும் போக்குக் கால்வாயின் ஓரமாக இருந்தால் ஒவ்வொரு பெருமழையிலும் சோதனை. இருப்பதில் நல்லது, கரை போய் மேட்டு நிலத்தில் முட்டும் இரண்டு முனைகள். அங்கே நிலம் இயல்பாகவே உயரம்.

இதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. கலங்கலின் மேல்தளம்தான் அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். அதற்கு மேல் நீர் வழியும். வெள்ள நாளில் வழியும் நீரின் உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு சர்வேயரை அழைத்து, ஆட்டோ லெவல் கருவியால் கலங்கலின் மேல்தளத்திலிருந்து உங்கள் தரைத்தளத்துக்கும் பேஸ்மென்ட் சரிவுப் பாதையின் உச்சிக்கும் மட்டம் எடுத்து வாங்குங்கள். அரை நாள் வேலை. தரைத்தளம் கலங்கலைவிட 1 மீட்டராவது உயரம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். அரை மீட்டருக்குள் என்றால் மேல்மாடி வீடு மட்டும் யோசிக்கலாம். கலங்கலுக்குக் கீழே பேஸ்மென்ட் இருந்தால், மழை இல்லாத ஜனவரியிலும் சுவர் கசியும், லிஃப்ட் குழியில் நீர் ஊறும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரும் மின் பேனலும் அந்த பேஸ்மென்ட்டிலேயே இருந்தால், வெள்ளத்தன்று பம்பை ஓட்டவும் மின்சாரம் இருக்காது. அந்தக் கட்டடத்தை அத்தோடு விட்டுவிடுவது நல்லது.

ஏரிகள் தனித்தனியாக இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு என்று சங்கிலியாக இறங்கும். உங்கள் ஏரி சிறியதாக இருக்கலாம். மேலே எத்தனை ஏரி அதில் வந்து வடிகிறது என்பதுதான் கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றதற்கு அந்தச் சங்கிலியின் அடியில் இருப்பது ஒரு முக்கியக் காரணம். புயல் அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது பழக்கமாகிவிட்டது. வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது, வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட மலிவு.

ஆவணங்களில் பட்டா மட்டும் போதாது. நீர்ப்பிடிப்புக்குள்ளேயே பட்டா நிலம் உண்டு. சுத்தமான பட்டா என்பதால் நிலம் காய்ந்திருக்கும் என்று அர்த்தமில்லை. சர்வே எண்ணை வைத்து, நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டுச் சான்றும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று எது எங்கே எழுதியிருக்கிறது? கிராம வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிற இடத்தில் இப்போது உள்சாலை இருந்தால், மழை நீர் அந்தச் சாலையைத்தான் வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். நீர்வளத் துறை வெள்ள அபாயம் பார்த்துக் கொடுத்த தடையில்லாச் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் நிலத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்தக் கால்வாயை எத்தனை அகலத்துக்கு விட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். அந்த அகலத்தை டேப் பிடித்து அளந்தாலே பாதி உண்மை வெளிவரும்.

மீதிப் பாதியைப் பக்கத்துத் தெரு சொல்லும். மதில் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு மங்கலான பழுப்புக் கோடு, அதற்குக் கீழே பெயின்ட் வேறு நிறம். மின்மீட்டர் பெட்டி வழக்கத்துக்கு மாறாகத் தலைக்கு மேலே. வாசலில் படிக்குமேல் புதிதாக இரண்டு படி. ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடு. இவற்றில் இரண்டு ஒரே தெருவில் தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொரு பிரச்சினை கழிவுநீர். பாதாளச் சாக்கடை முழுமையாகப் போகாத பகுதிகளில் அது ஏரியில்தான் வந்து சேர்கிறது. ஆகாயத்தாமரை போர்வையாக மூடியிருந்தால், கீழே நீரில் உயிர்க்காற்று இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் நீர் குறையும்போது அழுகிய முட்டை வாடை எழும். அந்த வாயு மூக்கோடு நிற்காது: பூஜையறை வெள்ளி விளக்கு வாரத்தில் கறுக்கும், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் செப்புக் குழாயை அரித்து கேஸ் கசியும். ஏரியைப் பார்த்த வீடுகளில் ஏ.சி. எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று குடியிருப்போரைக் கேளுங்கள்.

மதிலுக்குள் வெட்டிய ஏரி

படகு, தூண்டில், கரையில் நாற்காலி, குழந்தைகளுக்கு மணல் திட்டு என்று 'ஏரி வாழ்க்கை' கேட்பவருக்கு உண்மையில் உரிமை கிடைப்பது இங்கே மட்டும்தான். அதனால் இதை நீளமாகப் பார்ப்போம். இங்கே வெள்ளத்தைவிடப் பெரிய பிரச்சினை, நீரை நிற்க வைப்பது.

1 ஏக்கர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 4,047 சதுர மீட்டர். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டராவது ஆவியாகும். அது 20,000 லிட்டருக்கு மேல். மட்டம் குறையாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் 12,000 லிட்டர் லாரி நாளுக்கு ஏறத்தாழ இரண்டு. 90 நாளுக்கு 150 லாரி. இது கசிவே இல்லாத ஏரிக்கான கணக்கு. கோடையில் உங்கள் பகுதியில் லாரி என்ன விலை என்று நீங்களே பெருக்கி, வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பணம் ஒரு பக்கம். அந்த நீர் ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து, குடிநீருக்கு ஆள் வரிசையில் நிற்கும் மாதத்தில் வருகிறது. படகு மிதக்க அதை வாங்குவது சரியில்லை.

சரியான வழி, ஏரியை இறங்க விடுவது. ஜனவரியிலிருந்து மே வரை 150 நாளில் ஆவியாவது 75 சென்டிமீட்டர் பக்கம். தென்மேற்குப் பருவ மழை கொஞ்சம் ஈடு கட்டினாலும், அக்டோபர் வரை மொத்தம் 1 மீட்டர் இறங்கும் என்று வைத்து வடிவமைத்திருக்க வேண்டும். டிசம்பரில் 2.5 மீட்டர் ஆழமுள்ள ஏரி மே மாதம் ஒன்றரை மீட்டருக்கு மேலே நிற்கும். படகு ஓடும், மீன் பிழைக்கும். 1.2 மீட்டர் ஆழத்தில் வெட்டிய அலங்கார ஏரி மே மாதம் சேற்றுக்குட்டை. பெரும்பாலான பில்டர்கள் இரண்டாவதைத்தான் வெட்டுகிறார்கள், ஏனென்றால் தோண்டும் செலவு குறைவு, திறப்பு விழாவன்று இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பார்க்கப் போகும்போது கரையைக் கவனியுங்கள். நேராக நிற்கும் சிமென்ட் சுவர் என்றால் நீர் இறங்கியதும் அசிங்கமான தொட்டி. மூன்றுக்கு ஒன்று சரிவில் கல் பதித்து, நாணலும் கோரையும் வைத்த கரை என்றால் இறங்கினாலும் அது ஏரிதான்.

வரத்து எங்கிருந்து? ஏரிப் பரப்பில் நேரே விழும் மழை மட்டும் ஆவியாவதற்கே போதாது. மொட்டைமாடி நீரை ஏரிக்குக் கொண்டுவர வேண்டும். 1 ஏக்கர் மொட்டைமாடியில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 1,30,000 லிட்டர் வரும். 1 ஏக்கர் ஏரி 3 சென்டிமீட்டர் உயரும். மாடிப் பரப்பு ஏரிப் பரப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்கும் குடியிருப்பில் இது நன்றாக வேலை செய்யும். முதல் மழையைத் திருப்பி விடும் வால்வும், சேறு படிய ஒரு தொட்டியும் ஏரிக்கு முன்னால் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டால் விற்பனையாளருக்குத் தெரியாது, பிளம்பரிடம் கேளுங்கள்.

எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வரும் நீரை ஏரியில் விடுவதாகப் பெருமையாகச் சொல்வார்கள். தோட்டத்துக்கும் டாய்லெட்டுக்கும் அது அருமையான நீர். ஏரிக்கு வேண்டாம். சாதாரணச் சுத்திகரிப்பில் பாஸ்பரஸ் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். அது பாசிக்கு உரம். ஏரி மார்ச்சில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புல்தரைக்குப் போடும் டி.ஏ.பி. உரம் மழையில் வழிந்து வருவதும், குழந்தைகள் மீனுக்கு மூட்டை மூட்டையாகப் போடும் பிரெட்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பாசி அளவைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டில் நடுவே கயிறு கட்டி, ஒரு கல் வைத்து நீரில் இறக்குங்கள். 30 சென்டிமீட்டருக்குள் தட்டு கண்ணுக்கு மறைந்தால் பாசி அதிகம். அந்த நிலையில் இரண்டு நாள் மேகமூட்டம் வந்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரவெல்லாம் பாசியே உயிர்க்காற்றை இழுத்துவிடுவதால் விடியலில்தான் அது ஆகக் குறைவு. ஏழு மணிக்கு மீன்கள் மிதக்கத் தொடங்கும். ஏரேட்டரை மாலையில் அழகுக்கு ஓட்டுவதில் பயனில்லை. நள்ளிரவிலிருந்து காலை ஏழு வரை ஓட வேண்டும். 1 ஏக்கருக்கு 2 குதிரைத்திறன் வைத்தால் நாளுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் மின்சாரம். அதை நிறுத்தி மிச்சம் பிடிக்கும் அசோசியேஷன் அடுத்த வாரம் செத்த மீனை அள்ளக் கூலி கொடுக்கும்.

ஷீட் பற்றி ஒரு வார்த்தைக்கு மேலேயே சொல்ல வேண்டும். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்துக் களிமண்ணில் நன்றாக மிதித்து இறுக்கினால் ஷீட் இல்லாமலே ஏரி நிற்கும். ஈ.சி.ஆர். மணலில் நிற்காது; எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் தேவை, அடியில் கூர்க்கல் இல்லாத மெத்தைப் படுகை தேவை, மேலே ஓரடி மண் மூட வேண்டும். மண் மூடாமல் விட்டால் ஒரு கோளாறு வரும். நவம்பர் மழையில் நிலத்தடி நீர் கிடுகிடுவென ஏறும். ஏரிக்குள் நீர் குறைவாக இருந்தால், அடியிலிருந்து வரும் நீர் ஷீட்டைத் தூக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஏரி நடுவே கறுப்பாக, பூரி உப்பியது போல ஒரு மேடு. பதற்றத்தில் யாராவது கத்தியால் குத்தினால் அந்த ஏரி அதோடு நிரந்தர ஓட்டை. செய்ய வேண்டியது, ஷீட்டுக்குக் கீழே முன்பே பதித்திருக்க வேண்டிய வடிகுழாய் சம்ப்பில் பம்பை ஓட்டுவது. அந்த சம்ப்பே இல்லையென்றால், மேலே நீர் சேர்த்துக் கனம் கூட்டுவதுதான் மிஞ்சும். தூர்வார, சுத்தம் செய்ய ஏரியைக் காலி செய்வதானால் மே மாதம். அக்டோபருக்குப் பிறகு ஒருபோதும் கூடாது.

ஏரி கசிகிறதா, ஆவிதானா என்ற சந்தேகத்துக்குப் பக்கெட் சோதனை. படித்துறையில் ஒரு பக்கெட்டைப் பாதி மூழ்க வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர் மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்பி, இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போடுங்கள். மழையில்லாத மூன்று நாள் கழித்து, வெளிமட்டம் உள்மட்டத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு. வீடு வாங்க வருபவரும் அசோசியேஷனிடம் அனுமதி கேட்டு இதைச் செய்து பார்க்கலாம். மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

படகுக்கு வருவோம். பெடல் படகே போதும். 1 ஏக்கரில் நான்குக்கு மேல் விட்டால் மோதும். எஞ்சின் வேண்டாம்: இடமும் இல்லை, எண்ணெய்ப் படலம் மீனைக் கொல்லும். பெடல் படகில் முதலில் போவது செயின். துருப்பிடித்து இறுகிப்போய், நடு ஏரியில் குழந்தை மிதிக்க முடியாமல் நிற்கும். மாதம் ஒருமுறை செயினுக்கும் பேரிங்குக்கும் கிரீஸ், சுக்கான் கம்பியின் நட்டு இறுக்கம், அடிப்பகுதி வடிகால் மூடி, இந்த மூன்றும் பார்த்தால் ஆண்டுகள் ஓடும். படகு ஒரு பக்கம் சாய்ந்து கனத்தால், வெடித்த பைபர் வழியே உள்ளேயிருக்கும் ஃபோம் நீர் குடித்திருக்கிறது. வெயிலில் கூரையில்லாமல் நிறுத்துவதால் வருவது. லைஃப் ஜாக்கெட் உடல் எடைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், குழந்தைகளுடையதில் கால்களுக்கிடையே போடும் பட்டை இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீரில் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே போகும். 2.5 மீட்டர் ஆழம் என்றால் பயமாக இருக்கலாம். அதற்குத்தான் கரையோரம் 2 மீட்டர் அகலத்துக்கு முழங்கால் ஆழத் திட்டு, 50 மீட்டருக்கு ஒரு மிதவை வளையம் கயிற்றோடு, தானாக மூடும் கேட். ஆழத்தைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது. முழங்கால் சேற்றில் சிக்கியும் குழந்தை மூழ்கும்.

நீரூற்றும் ஏரேட்டரும் ஓடும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் கட்டாயம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை எலக்ட்ரீசியன் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாரா என்பதை நேரில் கேளுங்கள்.

நீந்துவது? வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குளிக்கும் தர அளவு 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் 500-க்குள், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் உயிர்க்காற்று) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள். வாத்தும் கொக்கும் நாயும் வரும் ஏரி மழைக்குப் பிறகு இதில் நிற்காது. எலிக்காய்ச்சலும் அந்த நேரத்தில்தான் பரவும். நீச்சலுக்குத் தனிக் குளம். தூண்டில் நல்ல பொழுது: கட்லா, ரோகு, புல் கெண்டை விடலாம். ஜிலேபி மீனை விட்டால் ஆறே மாதத்தில் அது மட்டும்தான் இருக்கும். கொசுப்புழுவுக்குக் கம்பூசியா மீன் விடுவதானால், ஏரி மழையில் வழிந்து வெளிக் கால்வாயில் சேராது என்றால் மட்டும்.

கடைசியாகக் காகிதம். அனுமதி வரைபடத்தில் ஏரி பொதுப் பரப்பாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தில் ஏரியோ பூங்காவோ வந்தால், அது ஊருக்கே உரியது. 'பிரைவேட் லேக்' இல்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவேற்றிய வரைபடத்தை விளம்பர வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த கட்டங்களில் வரும் வீடுகளுக்கும் இதே ஏரியில் உரிமை உண்டு என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். 150 வீட்டுக்கு நான்கு படகு சுகம். 900 வீட்டுக்கு அதே நான்கு படகு ஞாயிற்றுக்கிழமைத் தகராறு.

கழிமுகம்

முட்டுக்காடு, கோவளம் பக்கம் நீர் அரசுடையது, உப்பு நீர், கடலின் ஓதத்தோடு ஏறி இறங்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் நீர் தேங்கி நிற்கும். மழையில் உடைத்துக்கொண்டு ஓடும். கயாக், துடுப்புப் படகு என்று உடம்பை வருத்தி விளையாட விரும்புபவருக்கு மூன்றிலும் இதுதான் உண்மையான நீர். ஆனால் உங்கள் மதிலிலிருந்து படகுத்துறை கட்ட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி கழிமுகக் கரைக்கும் உண்டு: 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது கழிமுகத்தின் அகலம், இதில் எது குறைவோ அது, 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. அந்த எல்லைக்குள் வீடு என்றால் அனுமதிக் கடிதத்தின் எண்ணும் தேதியும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வீடு தேயும் வேகமும் இங்கே அதிகம். சாதாரண இரும்புக் கிராதி சில மழைக்காலத்திலேயே பொருக்கு விடும். அலுமினியம் அல்லது நல்ல ரக ஸ்டெயின்லெஸ் வேண்டும். கிணற்றில் மேலே நல்ல நீர் மெல்லிய படலமாக, அடியில் உப்பு. ஆழத்தில் போர் போட்டு வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலே ஏறி, பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். ஆழமில்லாத கிணறு, சிறிய மோட்டார், விட்டு விட்டு இறைப்பது. மே மாதம் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) எடுத்துப் பாருங்கள், டிசம்பர் அளவைக் காட்டி விற்பார்கள். குடும்பத்தோடு ஆண்டு முழுவதும் குடியிருக்க இதை நாங்கள் சொல்ல மாட்டோம். வார இறுதி வீடாக, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தவருக்குச் சரி.

ஏரியே இல்லாத வீடு

விளம்பரத்தில் வராத நான்காவது வழி. மேட்டில் ஒரு நல்ல வீடு, நீருக்கு வெளியே போவது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. இன்னும் தெற்கே முதலியார்குப்பத்தில் ஒன்று. சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் படகோடு தூண்டிலும் போடலாம், நகரின் நடுவிலேயே. ஆண்டுக்கு ஆறேழு முறைதான் படகில் ஏறுவீர்கள் என்றால், அதற்காக மாதாமாதம் ஏரிப் பராமரிப்புக்குச் சந்தா கட்டுவது கணக்குக்கு வராது. புது வீட்டில் முதல் மூன்று மாதம் எல்லோரும் படகு ஓட்டுவார்கள். பிறகு ஓட்டுவது ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளும், ஊரிலிருந்து வரும் விருந்தினரும்.

ஆகவே வயதான பெற்றோர், காலை நடை, பறவை என்றால் திருந்திய பழைய ஏரியின் மேட்டு முனையில் இரண்டாவது மாடிக்கு மேல் ஒரு வீடு. மூன்றில் எங்கள் முதல் தேர்வு இதுவே. சிறு குழந்தைகள் இருந்து, அடுத்த பத்தாண்டு அங்கேயே இருப்பதாகத் தீர்மானித்திருந்தால், ஆழமாக வெட்டிய, இறங்க விடும் ஏரியுள்ள கம்யூனிட்டி. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வாங்குபவர் ஏரிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வாடகைக்கு வருபவர் ஆபீஸ் தூரத்தையும் பள்ளிக்கூடத்தையும்தான் பார்க்கிறார்.

பார்க்கப் போவது இரண்டு முறை இருக்கட்டும். மே கடைசி வாரத்தில் ஒரு மாலை, நவம்பரில் பெருமழைக்கு மறுநாள் ஒரு காலை. இரண்டாவது முறை போக முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கேட்டில் செக்யூரிட்டி மேஜைமேல் நீளமான லாரி என்ட்ரி நோட்டு இருக்கும். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார். ஏப்ரல், மே பக்கங்களில் நாளுக்கு எத்தனை தண்ணீர் லாரி உள்ளே வந்தது, டிசம்பர் பக்கங்களில் எத்தனை கழிவுநீர் லாரி வெளியே போனது என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டு வாருங்கள்.